யாரையும் ‘வா’ என்று அழைக்காத வா!

பிரிஸ்டலில் மகள் வீட்டில் போய் இறங்கிய மூன்றாம் நாளே, “அம்மா, எங்கெல்லாம் போகணும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடு. லீவு சொல்லணும்ல” என்றாள். லிஸ்ட்டைத் திருநெல்வேலியிலேயே போட்டு, மடித்துக் கைப்பையில் வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். மொத்தம் இரண்டே இடம்தான். முதல் இடத்தைப் பார்த்ததும் மருமகனுக்குச் சந்தோஷம்: யார்க் நகருக்குப் பக்கத்தில் உள்ள ‘காசில் ஹோவர்ட்’ அரண்மனை. இரண்டாவதைப் படித்துவிட்டு மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“கூம் ஃப்ளோரியா? அங்க என்னம்மா இருக்கு?”

“ஒரு கல்லறை இருக்கு.”

“அவ்வளவு தூரம் ஃப்ளைட்ல வந்தது கல்லறை பார்க்கவா!”

நியாயமான கேள்விதான். டவர் பிரிட்ஜ், மெழுகு பொம்மை மியூசியம் எல்லாம் போன தடவையே ஆயிற்று. இந்தத் தடவை எனக்கு ஒரு மனிதரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் 1966-லேயே இறந்துவிட்டார் என்பது வேறு விஷயம். அவரிடம் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி.

அவர் பெயர் ஈவ்லின் வா. ஆங்கிலத்தில் எழுதினால் எழுத்துகள் நீளும். சொல்லும்போது ‘வா’வுக்கும் ‘வோ’வுக்கும் நடுவில் ஒரு சத்தம், அவ்வளவுதான். நமக்கு ‘வா’ என்பதே வசதி. அதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இந்த வா, வாழ்நாளில் யாரையும் மனசார ‘வா’ என்று கூப்பிட்டவர் இல்லை. கூம் ஃப்ளோரிக்கு வருவதற்கு முன் குளோஸ்டர்ஷயரில் அவர் இருந்த வீட்டின் வாசலில், வேலை விஷயமாக யாரும் உள்ளே வரக் கூடாது என்று போர்டே வைத்திருந்தார். வயதான பிறகு காதில் ஓர் ஊதுகுழலை வைத்துக்கொண்டு விருந்துகளில் உட்கார்ந்திருப்பார். எதிரில் இருப்பவர் பேச்சு பிடிக்கவில்லை என்றால் குழலை எடுத்துக் கீழே வைத்துவிடுவார்!

ஆனால், இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் கிண்டல் நாவல் எழுதியவர்களை வரிசைப்படுத்தச் சொன்னால், அவரைப் பிடிக்காதவர்கள்கூட முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் அவரை வைத்துவிடுவார்கள்.

1980-களின் தொடக்கத்தில் சென்னையில் நான் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மூர் மார்க்கெட் போவது எங்கள் ஹாஸ்டல் பெண்களின் வழக்கம். 1985 தீ விபத்துக்கு முந்தைய மூர் மார்க்கெட்! அங்கேதான் ‘ஸ்கூப்’ கிடைத்தது. அட்டை கிழிந்த ஆரஞ்சு நிறப் புத்தகம். அன்று இரவு வார்டன் வந்து “யார் அது இப்படிச் சிரிக்கிறது?” என்று கதவைத் தட்டினார்.

கதை இதுதான். லண்டனில் ஒரு பெரிய பத்திரிகை. அதில் புல், பூச்சி, வயலெலி என்று கிராமத்து இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதும் பூட் என்ற அப்பாவி. அதே பெயரில் இன்னொரு நாவலாசிரியர். ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் சண்டை வரப்போகிறது என்று நாவலாசிரியரை அனுப்பச் சொல்கிறார் முதலாளி. ஆள் மாறி நம் பூச்சிக்காரர் போய்விடுகிறார். அந்த முதலாளியிடம் ‘இல்லை’ என்று சொல்லத் தைரியமில்லாத ஓர் அதிகாரி வருவார். முதலாளி சரியாகச் சொன்னால் ‘நிச்சயமாக’ என்பார். தப்பாகச் சொன்னால் ஓரளவுக்குச் சரி என்று இழுப்பார். அந்த இழுவை ஆங்கிலத்தில் இன்றைக்கும் பழமொழி மாதிரி புழங்குகிறது. நாவலில் வரும் பத்திரிகையின் பெயரைத்தான் 2008-ல் அமெரிக்காவில் ஒரு செய்தி இணையதளத்துக்கு வைத்தார்கள்: ‘தி டெய்லி பீஸ்ட்’. நம்மைக் கிண்டல் செய்த பெயரை நாமே வைத்துக்கொள்வதா என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. அல்லது தோன்றித்தான் வைத்தார்களோ!

அந்த நாவலில் ஒரு பெரிய நிருபர் ரயிலில் அயர்ந்து தூங்கி, போக வேண்டிய நாட்டை விட்டுவிட்டு வேறொரு நாட்டில் இறங்கிவிடுவார். இறங்கினது எங்கே என்றுகூடத் தெரியாமல், தெருவில் துப்பாக்கிச் சூடு, பிணங்கள் என்று புரட்சிச் செய்தி அனுப்புவார். அதைப் படித்துவிட்டு மற்ற நிருபர்கள் எல்லாம் ஓடி வர, பங்குச் சந்தை சரிய, ராணுவம் கிளம்ப, கடைசியில் அங்கே நிஜமாகவே புரட்சி வந்துவிடும். 1938-ல் எழுதிய புத்தகம். ராத்திரி எட்டு மணிக்கு டி.வி. விவாதம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரயில்தான் நினைவுக்கு வரும்.

வா இதைக் கற்பனையில் மட்டும் எழுதவில்லை. 1935-ல் எத்தியோப்பியா மீது இத்தாலி போர் தொடுத்தபோது ஒரு லண்டன் பத்திரிகையின் நிருபராக அவரே அங்கே போயிருந்தார். குண்டு வீச்சில் ஒரு நர்ஸ் இறந்துவிட்டாளாமே, விவரம் அனுப்பு என்று லண்டனிலிருந்து தந்தி வந்ததாம். விசாரித்தால் அப்படி ஒரு நர்ஸே கிடையாது. தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. நர்ஸ் வெடிக்கவில்லை என்பதை இரண்டே வார்த்தையில் அடித்து அனுப்பினார் என்று சொல்வார்கள்.

இனி என் பாக்கிக் கணக்குக்கு வருகிறேன்.

1990-களில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பாடத்திட்டத்தில் வா கிடையாது. ஆனால், பாடம் முடிந்து நேரம் மிஞ்சினால் ‘ஸ்கூப்’பை எடுத்துச் சில பக்கங்கள் வாசித்துக் காட்டுவேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தப் புத்தகத்தில் கறுப்பின மக்களைக் குறிக்கும் சில சொற்கள் உண்டு. வாயில் வராத சொற்கள். அந்த வரிகளைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். வாசிக்கும்போது அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்விடுவேன். ரொம்ப சாமர்த்தியம் என்று நினைப்பு.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்தாள். மூன்றாவது பெஞ்சுப் பெண். அதிகம் பேச மாட்டாள். என்னிடமிருந்து அந்தப் புத்தகத்தை வாங்கிப் போய்ப் படித்திருந்தாள். “மேம், நீங்க கோடு போட்ட இடத்தையெல்லாம் விட்டுட்டுப் படிச்சீங்க. ஏன்?” என்று கேட்டாள். அந்தக் காலம் அப்படிம்மா என்றேன். போகவில்லை, நின்றாள். “இந்த ஆளு நம்ம ஊருக்கு வந்திருந்தா நம்மளைப் பத்தியும் இப்படித்தானே மேம் எழுதியிருப்பாரு? அப்ப நாம சிரிக்கிறவங்க பக்கமா, இல்ல சிரிக்கப்படறவங்க பக்கமா?”

மணி அடித்தது. அடுத்த வகுப்பு இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை வகுப்புக்குக் கொண்டுபோகவில்லை. அந்தப் பெண்ணும் அதைப் பற்றிப் பிறகு கேட்கவில்லை. முப்பது வருஷமாக அது அப்படியே கிடக்கிறது.

முதலில் காசில் ஹோவர்ட் போனோம். 1699-ல் கட்டத் தொடங்கி நூறு வருஷத்துக்கும் மேலாகக் கட்டிய மாளிகை. நடுவில் பெரிய குவிமாடம். வெளியே உலக உருண்டையைத் தோளில் சுமக்கும் அட்லஸ் சிலையோடு ஒரு நீரூற்று. தோட்டத்தில் நடந்தால் நடந்துகொண்டே இருக்கலாம். என் முழங்கால் சம்மதித்த வரைக்கும் நடந்தேன்.

இந்த மாளிகைக்கும் வாவுக்கும் உள்ள தொடர்பு ஒரு விநோதம். 1945-ல் அவர் ‘பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்’ என்ற நாவலை வெளியிட்டார். பாராசூட் பயிற்சியில் காலில் அடிபட்டு, ராணுவத்தில் விடுப்பு வாங்கிக்கொண்டு டெவனில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து எழுதியது. ஒரு பெரிய கத்தோலிக்கப் பிரபுக் குடும்பம், அவர்கள் மாளிகை, அதன் சரிவு. இது கிண்டல் நாவல் இல்லை, ஏக்க நாவல். கதையில் வரும் குடும்பத்துக்கு நிஜ முன்மாதிரி வொர்ஸ்டர்ஷயரில் மேட்ரஸ்ஃபீல்ட் என்ற வீட்டில் இருந்த லைகன் குடும்பம் என்பார்கள். ஆனால், 1981-ல் கிரனாடா டி.வி. அதைத் தொடராக எடுத்தபோது படப்பிடிப்பு நடந்தது காசில் ஹோவர்டில். பதினொரு பகுதிகள். இங்கிலாந்தே டி.வி. முன்னால் உட்கார்ந்தது. 2008-ல் சினிமா எடுத்தபோதும் இதே இடம்தான். 1940-ல் ஒரு பெரிய தீ விபத்தில் குவிமாடமும் பல அறைகளும் எரிந்துபோயிருந்தன. குவிமாடத்தை 1960-களின் தொடக்கத்தில் திரும்பக் கட்டினார்கள். எரிந்த அறைகளில் சிலவற்றைச் சீர்செய்யப் படப்பிடிப்பில் வந்த பணம் உதவியது.

எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பம், “பிரைட்ஸ்ஹெட் எந்தப் பக்கம்?” என்று கேட்டது. அதாவது, அது நிஜ வீடு. கதைதான் இந்த மாளிகையைப் பார்த்து எழுதியது என்று நினைத்துவிட்டார்கள். ஜெமினி கணேசனைக் கட்டபொம்மனுடைய படைத்தளபதி என்றே நினைத்திருந்த என் பெரியம்மா ஞாபகம் வந்தது.

வா எழுதும்போது இந்த மாதிரி மாளிகைகள் எல்லாம் அழிந்துவிடப் போகின்றன என்று உருகி உருகி எழுதினார். பதினைந்து வருஷம் கழித்து, திருத்திய பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் தான் கணித்தது தப்பு என்று ஒப்புக்கொண்டார். மாளிகைகள் அழியவில்லை, டிக்கெட் வைத்துவிட்டார்கள். அந்த டிக்கெட் வரிசையில் நாங்களும் நின்றோம். கூட்டத்தைக் கண்டாலே ஆகாத மனிதர் பெயரைச் சொல்லி இத்தனை கூட்டம்!

அங்கே எனக்கு அவர் அகப்படவில்லை. கேக் நன்றாக இருந்தது.

அடுத்த வாரம் கூம் ஃப்ளோரி. மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. பதினான்கு வயதுப் பேத்தி துணைக்கு வந்தாள். “ஆச்சி, போரடிச்சா ஃபோன் பார்ப்பேன், திட்டக் கூடாது” என்ற நிபந்தனையோடு. பிரிஸ்டலிலிருந்து டான்டன் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து சுமார் பத்து கிலோமீட்டர். ‘கூம்’ என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் பள்ளத்தாக்கு. செம்மண் நிறக் கல்லில் கட்டிய வீடுகள், சர்ச்சும் அதே கல். தேரிக்காட்டு மண்ணைக் குழைத்துக் கட்டியது போல எனக்குத் தோன்றியது. தெருவில் ஒரு பூனையைத் தவிர யாரும் இல்லை.

இந்தச் சின்ன ஊருக்குக் கிண்டல்காரர்கள் ராசி உண்டு போல. வா வருவதற்கு நூறு வருஷத்துக்கும் முன்னால், 1829 முதல் 1845 வரை இங்கே பாதிரியாராக இருந்தவர் சிட்னி ஸ்மித். இங்கிலாந்தின் மகா நகைச்சுவைப் பேச்சாளர். ஒரு சீமாட்டி வந்து, உங்கள் தோட்டத்தில் மான்கள் இல்லையே என்று குறைப்பட்டாளாம். மறுநாள் தம்முடைய கழுதைகளுக்கு மான் கொம்பு கட்டி மேயவிட்டார். மரங்களில் கடையில் வாங்கிய ஆரஞ்சுப் பழங்களைக் கட்டித் தொங்கவிட்டார் என்றும் ஒரு கதை. இதைச் சொன்னதும் பேத்தி ஃபோனை உள்ளே வைத்தாள்.

எலிசபெத் ராணி காலத்து நுழைவாயில் கட்டடம் சாலையிலிருந்தே தெரிகிறது. அதற்குள்ளே தள்ளி இருக்கிறது வா 1956-ல் குடிவந்த வீடு. இப்போது அவர் குடும்பத்தார் கையில் இல்லை. தனியார் வீடு, உள்ளே போக முடியாது. வா வீட்டு வாசலில் நின்று திரும்புவதுதானே முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சர்ச்சுக்குப் போனோம். புனித பேதுரு, பவுல் ஆலயம். கல்லறைத் தோட்டத்தில் வரிசையாகத் தேடினேன். இல்லை. பூ அலங்காரம் செய்துகொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் வெளியே வந்தார். கேட்டதும் சிரித்தார். “உள்ளே தேடாதீர்கள். அவர் அந்தப் பக்கம் இருக்கிறார்” என்று எல்லையைக் காட்டினார்.

அதுதான் விஷயம். இது ஆங்கிலிகன் சபையின் சர்ச். வா 1930-ல் கத்தோலிக்கராக மாறியவர். அதனால் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி, எல்லைக்கு வெளியே, அவர் வீட்டு நிலத்தில் ஒரு துண்டை மந்திரித்து அங்கே புதைத்தார்கள். மனைவி லாராவும், மகள் மார்கரெட்டும் அங்கேதான். பக்கத்தில் இருந்தும் ஊரோடு சேராமல், ஒரு எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம். பெயரும் வருஷங்களும் பொறித்த கல். பிரமாதமான பராமரிப்பு என்று சொல்ல முடியாது. புல் இஷ்டத்துக்கு வளர்ந்திருந்தது. காசில் ஹோவர்டில் பார்த்த கூட்டத்தில் ஒருவரைக்கூட இங்கே காணோம்.

“ஈவ்லின்னா பொம்பளைப் பேரு இல்லையா ஆச்சி?” என்றாள் பேத்தி. அவளைக் குறை சொல்ல முடியாது. 2016-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை, கல்லூரிகளில் அதிகம் படிக்கப்படும் பெண் எழுத்தாளர்கள் நூறு பேர் என்று பட்டியல் போட்டு, அதில் ஈவ்லின் வாவையும் சேர்த்துவிட்டது. பிறகு மன்னிப்பு, திருத்தம். ‘ஸ்கூப்’ எழுதியவருக்கு இதைவிடப் பொருத்தமான பாராட்டு கிடைக்காது! இன்னொன்றும் அவளுக்குச் சொன்னேன். அவருடைய முதல் மனைவி பெயரும் ஈவ்லின். நண்பர்கள் ஆண் ஈவ்லின், பெண் ஈவ்லின் என்று கூப்பிட்டார்கள். கல்யாணம் கொஞ்ச நாளில் முறிந்தது. அந்தக் காயம்தான் 1934-ல் வந்த ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் டஸ்ட்’. மனைவி ஏமாற்றிவிட்டுப் போக, அமேசான் காட்டுக்குப் போகும் கதாநாயகன், அங்கே ஒரு கிறுக்குக் கிழவனிடம் மாட்டிக்கொண்டு, சாகும் வரைக்கும் டிக்கன்ஸ் நாவல்களைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டியதாகிவிடும். வருஷா வருஷம் அதே டிக்கன்ஸை நடத்திய எனக்கு அந்த முடிவு சிரிப்பாகவும் இல்லை, கற்பனையாகவும் இல்லை.

“நல்ல மனுஷரா?” என்று கேட்டாள்.

என்ன சொல்ல? போருக்குப் பிறகு இங்கிலாந்தில் வாழைப்பழம் வந்தபோது குழந்தைக்கு ஒன்று என்று கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகள் வாழைப்பழம் என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருந்தார்களே தவிர ருசித்ததில்லை. லாரா மூன்று பழங்களோடு வீட்டுக்கு வந்தாள். மூன்று குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா மூன்றையும் தன் தட்டில் வைத்து, அப்போது கிடைக்காத கிரீமும் சர்க்கரையும் கொட்டி, ஒன்றுவிடாமல் சாப்பிட்டு முடித்தார். சொன்னது வேறு யாருமல்ல. அந்த மூவரில் ஒருவரான மகன் ஆபரன் வா. அவரும் பெரிய கிண்டல் எழுத்தாளர். அப்பாவுக்குப் பிறகு இதே வீட்டில் வாழ்ந்து 2001-ல் இறந்தார். அந்த நாளுக்குப் பிறகு அப்பா நல்லொழுக்கம் பற்றிச் சொன்ன எதையும் தன்னால் மதிக்க முடியவில்லை என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

“ச்சீ!” என்றாள் பேத்தி.

இவ்வளவு கத்தோலிக்க பக்தி இருந்தும் எப்படி இப்படி இருக்கிறீர்கள் என்று அவருடைய தோழி நான்சி மிட்ஃபோர்டு கேட்டாராம். அதுவும் இல்லாவிட்டால் நான் மனுஷனாகவே இருந்திருக்க மாட்டேன் என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார் வா. அந்த பக்தி நிஜம். 1952-ன் கடைசியில் கோவாவுக்கு வந்தார், புனித சவேரியாரின் உடலைத் தரிசிக்க. அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். கடைசிக் காலத்தில் திருச்சபை லத்தீனை விட்டுவிட்டு அந்தந்த ஊர் மொழியில் பூசை வைக்க முடிவு செய்ததில் இடிந்துபோனார். அதே முடிவால்தான் பாளையங்கோட்டையில் என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முதல்முறையாகப் பூசை முழுதும் தமிழில் புரிந்தது. பாட்டி அழுதார்களாம், சந்தோஷத்தில். இவர் துக்கத்தில். 1966 ஏப்ரல் 10, ஈஸ்டர் ஞாயிறு. காலையில் ஒரு நண்பர் பாதிரியார் அவருக்காக லத்தீனிலேயே பூசை வைத்தார். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர், மதியத்துக்குள் இறந்துபோனார். 62 வயது.

கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மாணவி கேட்டது திரும்பத் திரும்ப வந்தது.

என்னால் முடிந்த வரை அவர் தரப்பில் வாதாடிப் பார்த்தேன். அவர் வெள்ளைக்காரர்களையும் விடவில்லை. ‘ஸ்கூப்’பில் பெரிய முட்டாள்கள் எல்லாரும் லண்டனில்தான் இருக்கிறார்கள். தன்னையும் விடவில்லை. இருபத்தோரு வயதில், வேல்ஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தபோது, வாழ்க்கை வெறுத்து ஒரு ராத்திரி கடற்கரையில் உடுப்புகளைக் கழற்றி வைத்து, அதன்மேல் கிரேக்க மொழியில் ஒரு வாசகமும் எழுதி வைத்துவிட்டுக் கடலுக்குள் நீந்திப் போனார். கொஞ்ச தூரத்தில் ஜெல்லி மீன் கொட்டியது. வலி தாங்காமல் கரைக்கு நீந்தி வந்துவிட்டார். இதைச் சுயசரிதையில் அவரே எழுதுகிறார், பெரிய சோகமாக அல்ல, தன்மேல் ஒரு ஏளனத்தோடு. அந்தப் பள்ளிக்கூட அனுபவம்தான் 1928-ல் முதல் நாவலாக வந்து அவரைப் புகழ்பெற வைத்தது.

இன்னொன்று, கொழும்புக் கதை. 1954-ல் உடம்பு சரியில்லாமல் சிலோனுக்குக் கப்பல் ஏறினார். தூக்கம் வராமல் வருஷக்கணக்கில் சாப்பிட்டு வந்த மருந்து விஷமாகிவிட்டிருந்தது. கப்பலில் குரல்கள் கேட்கத் தொடங்கின. தன்னைத் திட்டும் குரல்கள், சதி பேசும் குரல்கள். எகிப்தில் இறங்கி விமானத்தில் கொழும்பு போனார். குரல்களும் கூடவே வந்தன. பேய் பிடித்துவிட்டது என்றே நம்பினார். ஊர் திரும்பிய பின் டாக்டர் மருந்தை மாற்றியதும் குரல்கள் நின்றன. வேறு ஆளாக இருந்தால் அதை யாருக்கும் தெரியாமல் மூடி மறைத்திருப்பார். இவர் அதை 1957-ல் ‘தி ஆர்டீல் ஆஃப் கில்பர்ட் பின்ஃபோல்டு’ என்று நாவலாக்கினார். முதல் அத்தியாயத்தில் அந்தக் கதாநாயகனின் படாடோபம், முன்கோபம், ஜம்பம் எல்லாவற்றையும் ஒரு எதிரி எழுதுவது போல எழுதியிருக்கிறார். அந்த எதிரி அவரேதான்.

இதெல்லாம் உண்மை. ஆனாலும், அந்த மாணவியிடம் இதைச் சொன்னால் ஒத்துக்கொள்வாளா? மாட்டாள் என்றே தோன்றியது. தன்னைக் கிண்டல் செய்துகொள்ளும்போது, மனுஷனுக்கு ஒரு மனசு இருக்கிறது, அது வலிக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. லண்டன் முட்டாள்களுக்கும் ஒரு மனசைக் கொடுக்கிறார். அந்த ஆப்பிரிக்க ஊர் மனிதர்களுக்கு மட்டும் பெரும்பாலும் கொடுக்கவில்லை. எத்தியோப்பியப் போரில் அவர் மனசு படையெடுத்து வந்த இத்தாலி பக்கம்தான் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பெண் முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே சரியாகப் பிடித்திருக்கிறாள். எனக்குத்தான் மணி அடித்ததும் ஓடத் தெரிந்தது.

ஜார்ஜ் ஆர்வெல்லுக்கும் இதே சிக்கல் இருந்திருக்கிறது. நம் பீகாரில் மோதிஹாரியில் பிறந்தவர். வாவுக்கு எல்லா விதத்திலும் எதிர்க்கட்சி. சாகும் காலத்தில் ஆர்வெல் குளோஸ்டர்ஷயரில் ஒரு காசநோய் மருத்துவமனையில் இருந்தபோது, பக்கத்து ஊரிலிருந்த வா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். யாரையும் வா என்று அழைக்காதவர் தானாகப் போன இடம் அது. ஆர்வெல் அப்போது வாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கியிருந்தார். முடிக்கவில்லை. ஏற்றுக்கொள்ள முடியாத கருத்துகளை வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு நல்ல நாவலாசிரியராக இருக்க முடியுமோ, அவ்வளவு நல்ல நாவலாசிரியர் வா என்பது அவர் குறிப்புகளில் இருந்த கருத்து.

இறந்தபோது வாவின் மவுசு குறைந்துதான் இருந்தது. காலம் போன பழமைவாதி என்றார்கள். 1976-ல் அவருடைய டைரிகள் புத்தகமாக வந்து, யாரையெல்லாம் என்னவெல்லாம் எழுதியிருக்கிறார் என்று ஊரே பதறியது. பிறகு அந்த டி.வி. தொடர் வந்து எல்லாவற்றையும் மாற்றியது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அவர் எழுதிய அத்தனையையும் 43 தொகுதிகளாகக் கொண்டுவருகிறது; 2017-ல் தொடங்கியது. அந்தப் பென்சில் கோட்டுக்குள் இருக்கும் வரிகளும் அதில் இருக்கும், விட்டுப்போகாமல்.

பூக்காரம்மாள் கிளம்பும்போது வந்து விடைபெற்றார். “எங்கிருந்து வருகிறீர்கள்?” என்றார். இந்தியா என்றேன். “இவருக்காகவா?” என்று புருவத்தை உயர்த்தினார். ஓரளவுக்கு என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தார். படித்திருக்கிறார்!

திரும்பும் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது. ஸ்டாப்பில் உட்கார்ந்தோம். லேசாகத் தூறல். கைப்பையிலிருந்து மூர் மார்க்கெட் புத்தகத்தை எடுத்தேன். அட்டைக்கு இரண்டு தடவை டேப் ஒட்டியாகிவிட்டது. பேத்தி வாங்கிப் புரட்டினாள். வயலெலி வரும் இடத்தில் சிரித்தாள். கொஞ்ச நேரம் படித்துக்கொண்டே போனவள் நிறுத்தினாள்.

“ஆச்சி, இங்க பென்சில்ல கோடு போட்டிருக்கே. இது எதுக்கு?”

“நான் வகுப்புல படிக்காம விட்ட இடம்.”

“நானும் விட்டுடவா?”

“வேண்டாம். அதையும் படி. படிச்சிட்டு உனக்கு என்ன தோணுதுன்னு சொல்லு.”

அவள் குனிந்து படிக்கத் தொடங்கினாள். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டான்டன் பஸ் வளைவில் திரும்பியது. நான்தான் கையைக் காட்டி நிறுத்தினேன்.